தலையில் சுட்டால் மானுக்கு வலியே இருக்காதா?

"தலையில் ஒரே குண்டு, மான் வலியில்லாமல் அங்கேயே விழும். நெஞ்சில் சுட்டு அது ஓடினால் குறி தவறிவிட்டது." அமெரிக்க மான் வேட்டையைப் பற்றிப் பரவும் இந்தப் பேச்சில் இரண்டுமே தவறு.

அங்கே பரவலாக வேட்டையாடப்படும் வெள்ளைவால் மானின் மூளை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தலையோ சும்மா இருக்காது. புல்லைக் கடிக்கும், சட்டென நிமிரும். குண்டு இரண்டு அங்குலம் விலகினால் தாடை நொறுங்கும். அப்புறம் அந்த மான் மேய முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல் நாள்கணக்கில் வாடிச் சாகும். நினைத்தாலே மனசு பதறுகிறது.

அங்குள்ள வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவது வேறு. மான் பக்கவாட்டில் நிற்கும்போதோ, சற்றே அப்பால் திரும்பி நிற்கும்போதோதான் சுட வேண்டும். இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம், முன்னங்காலை ஒட்டிய நெஞ்சுப்பகுதி, அதுதான் குறி.

சரி, ஓடினால்? இதயத்தில் பட்ட மானே நூறு மீட்டர் ஓடிவிடலாம். சுட்டபோது அது நின்ற இடத்தில் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது. மான் பெரும்பாலும் அருகிலேயே கிடக்கும். பச்சைச் சக்கை கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது; பல மணி நேரம் காத்திருந்துதான் பின்தொடர வேண்டும். உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடி, கிடைக்காமலே செத்துப்போகும்.