நாடக அரங்கில் பிறந்த யோசனையா?

1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளைத் தாக்கச் சென்ற பிரிட்டிஷ் விமானிகள், 60 அடி உயரத்தில் பறக்கும் வழியை ஒரு நாடக அரங்கின் விளக்குகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்ற செய்தி தொடர்ந்து பகிரப்படுகிறது. இது உண்மையன்று. 1955இல் வெளியான 'தி டேம் பஸ்டர்ஸ்' திரைப்படத்துக்காகப் புனையப்பட்ட காட்சி அது.

இருளில், நீர்ப்பரப்புக்கு அவ்வளவு அருகில், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் கருவியை நம்ப முடியாது. ஆனால் அணைச்சுவரை நோக்கி நீரின் மேல் தத்திச் செல்ல வேண்டிய குண்டுக்கு அந்த உயரம் பிசகக் கூடாது. விமானத்தின் அடிப்பகுதியில் இரு விளக்குகளைச் சாய்வாகப் பொருத்தி, அவற்றின் ஒளிவட்டங்கள் நீரின் மேல் ஒன்றையொன்று தொடும்போது உயரம் சரியாக இருக்கும்படி செய்யும் தீர்வை முன்வைத்தவர், விமான உற்பத்தி அமைச்சகத்தின் அறிவியலாளர் பெஞ்சமின் லாக்ஸ்பெய்சர். கடல்மீது தாழப் பறக்கும் விமானங்களுக்காக முன்பே ஆராயப்பட்ட முறை அது.

இத்தாக்குதலை நடத்திய படையணித் தலைவர் கை கிப்சனின் துணிவை இத்திருத்தம் சிறிதும் குறைக்காது. அன்றிரவு புறப்பட்ட 133 பேரில் 53 பேர் உயிரிழந்தனர். ஆயினும் லாக்ஸ்பெய்சருக்கு உரிய பெயரை ஒரு கற்பனைக் காட்சி மறைத்திருப்பது வருத்தத்திற்குரியது.