கன்னத்து வெட்டு சுவீடன் படை போட்டதல்ல

போலந்தின் செஸ்டகோவா ஊரில், யாஸ்னா கூரா மடத்தில் இருக்கும் மாதா (மரியா) படத்தின் கன்னத்தில் உள்ள வெட்டு 1655இல் சுவீடன் படை மடத்துக்குள் புகுந்து வெட்டியது என்றும், அந்த மாதா பக்தியே அரசர்கள் ஊட்டியதுதான் என்றும் சொல்கிறார்கள், அது சரியில்லை. அந்தக் காயம் 1430இல் கொள்ளைக் கூட்டம் ஒன்று அந்த மடத்தைச் சூறையாடியபோது ஏற்பட்டது. படத்தைப் பிறகு கிராக்கோ நகரில் சீரமைத்தவர்கள், வலது கன்னத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் அந்த இரண்டு கோடுகளையும் மறைக்காமல் விட்டார்கள், இன்றும் தெளிவாகத் தெரியும். 1655இல் சுவீடன் படை மடத்தை முற்றுகையிட்டது உண்மைதான், ஆனால் உள்ளே நுழைய முடியாமலே திரும்பிப் போனது. தவிர, மூலப் படத்தை அதற்கு முன்பே பாதுகாப்பாக சிலேசியா என்ற பகுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்!

அந்த முற்றுகைக்கு அப்புறம், 1656 ஏப்ரல் 1 அன்று போலந்து மன்னர் யான் காசிமிர் லுவோவ் (இன்று உக்ரைனில் உள்ள லிவிவ்) நகரப் பேராலயத்தில் மரியாவைப் போலந்தின் அரசியாக அறிவித்தார், கூடவே குடியானவர்களின் சுமையைக் குறைப்பேன் என்றும் வாக்குக் கொடுத்தார், இதை யாரும் சொல்வதே இல்லை.

இது அரசர்கள் ஊட்டிய பக்தி மட்டும்தான் என்பதையும் ஏற்க முடியாது. 1966இல் கம்யூனிஸ்ட் அரசு, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த படத்தின் பிரதியைப் பறித்து மடத்துக்குள் முடக்கியது. மக்களோ படம் இல்லாத வெறும் படச்சட்டத்தையே 1972 வரை ஒவ்வொரு கோயில் பங்காகச் சுமந்து போய் வணங்கினார்கள். எந்த அரசன் அவர்களை ஏவினான்?