சீனம் தெரிந்த போன் இருக்கா?

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். ஊரைச் சுற்றி ரப்பரும் செம்பனையும். கடைவீதியில் ஒரு சின்ன போன் கடை. காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, காய்கறிக்கடை பார்வதி அக்கா உள்ளே வருகிறார். கையில் கண்ணாடி நொறுங்கிய போன். அதைப் பார்த்ததுமே, இன்றைக்கு நல்ல வரும்படிதான் என்று குமரன் நினைத்துக்கொள்கிறான். பாவம்.)

பார்வதி: தம்பி, சீனம் தெரிந்த போன் ஒன்று எடு.

குமரன்: வாங்கக்கா, பசியாறியாச்சா? போன் முக்கால்வாசி சீனாவில் இருந்துதான் வருது. எல்லாத்துக்கும் சீனம் தெரியும்.

பார்வதி: அப்போ என் போன் மட்டும் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்குது?

குமரன்: (வாங்கிப் பார்த்து) இது இன்னும் மூச்சு விடுவதே பெரிய விஷயம். உங்களுக்கு எதற்கு இப்போது சீனம்?

பார்வதி: (குரலைத் தாழ்த்தி) விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குச் சாயோர், அதான் காய்கறி, எடுக்கப் போகிறேன் இல்லையா? பச்சை மிளகாய் என்ன விலை என்று கேட்டால் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, நேராகச் சொல்ல மாட்டார். பின்னால் திரும்பி அவர் சம்சாரத்திடம் ஏதோ சொல்வார். அந்த அம்மா ஏதோ சொல்லும். இரண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் விலை வரும். நாங்கள் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்று, குடியிருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லி, நாங்கள் பட்டணத்துக்கு வந்த நாளிலிருந்து இதே கூத்து. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தே ஆகணும்.

குமரன்: உளவு பார்க்கவா போன்?

பார்வதி: படிப்பு என்று சொல்லு. என் தங்கச்சி மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஐபோனில்தான் சீன அகராதி நல்லா ஓடுமாம்.

குமரன்: அவன் தவணை கட்டுகிறான், ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டாமா? அக்கா, சீனம் படிக்கிறவர்கள் உலகம் பூரா வைத்திருப்பது ப்ளெகோ என்கிற ஆப். 2000இல் ஆரம்பித்தது. அப்போது பாம் பைலட் என்று உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவி இருந்தது, அதற்காகப் பண்ணினார்கள். இப்போது ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடுது. ஆண்ட்ராய்டுக்கென்றே வந்த ஹான்பிங் என்று இன்னொன்றும் இருக்கு.

பார்வதி: மாதம் எவ்வளவு?

குமரன்: அகராதி சும்மாதான். மனப்பாட அட்டை, கேமராவைக் காட்டினால் எழுத்தைப் படிக்கிற வசதி, இதற்கெல்லாம்தான் காசு.

பார்வதி: சும்மா கொடுப்பதில் என்ன சொல் இருக்கப்போகிறது? நூறு? இருநூறு?

குமரன்: ஒரு லட்சத்துக்கு மேலே. சி-சி-செடிக்ட் என்று ஒரு இலவச அகராதி அதில் இருக்கு. 1997இல் ஒரு ஆள் தொடங்கினார், அப்புறம் ஊர் உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் விளக்கம் பூரா இங்கிலீஷ்.

பார்வதி: எனக்கு இங்கிலீஷில் யெஸ், நோ, டிஸ்கவுண்ட் தெரியும்.

குமரன்: அப்போ பக்கத்தில் கூகுள் டிரான்ஸ்லேட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அதில் தமிழிலேயே பேசலாம். இந்தாங்க, என் போனில் பேசிப் பாருங்கள்.

பார்வதி: (போனை உதட்டருகே வைத்து, பழைய டிரங்கால் போடுகிற குரலில்) தவுக்கே! சாவி புதுசா?

(போன் ஒரு வினாடி யோசித்துவிட்டு, இனிமையான பெண் குரலில் சீனத்தில் ஏதோ கேட்கிறது. குமரன் மேஜை மேல் கவிழ்ந்து சிரிக்கிறான்.)

பார்வதி: என்னடா?

குமரன்: பூட்டுச் சாவி புதுசா என்று கேட்குது அக்கா! நீங்கள் கேட்டது சாவிக் கீரை, அது நம் ஊர் மலாய்ப் பேச்சு. இந்த ஆப்புக்கு நம் சந்தைத் தமிழ் எப்படித் தெரியும்? ஒரு சொல்லை மட்டும் தேடணும் என்றால் அகராதிதான் நல்லது. முழு வாக்கியத்தை இதனிடம் கொடுத்தால் அது பாட்டுக்குப் போகும்.

பார்வதி: இத்தனை காய்கறியோடு நான் பூட்டுக்கடைக்கா போவேன்? சரி, போனைக் காட்டு.

குமரன்: (கண்ணாடிப் பெட்டியில் இருந்து ஒன்றைப் பூப்போல எடுத்து) இது 200 மெகாபிக்சல் கேமரா. 4,200 வெள்ளி (ரிங்கிட்).

பார்வதி: 4,200 வெள்ளியை மிளகாயில் மீட்க எனக்கு எத்தனை ஜென்மம் வேணும்? உள்ளே வை, கண்ணு கூசுது.

குமரன்: (பெருமூச்சு) உண்மையைச் சொல்லட்டுமா? அகராதிக்கு இவ்வளவு பெரிய போன் தேவையே இல்லை. 700, 800 வெள்ளி போனே பறக்கும். திரை பெரியதாக இருக்கணும், சீன எழுத்து ஒவ்வொன்றும் கோடு கோடாகப் பொடிசாக இருக்கும். 6.5 அங்குலத்துக்குக் குறையாமல் எடுங்கள். கேமரா தானாக ஃபோகஸ் பண்ணணும், அது போதும். ஸ்பீக்கர் சத்தமாக இருக்கணும். இடம் 128 ஜிபி.

பார்வதி: அகராதி அவ்வளவு இடத்தை அடைக்குமா?

குமரன்: அகராதி அடைக்காது. நீங்கள் பார்க்கிற சீரியலும் உங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் வருகிற குட் மார்னிங் படமும்தான் அடைக்கும்.

(குமரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னால் மூன்று நான்கு கண் வைத்த மலிவு போன்களில், அந்த 2 மெகாபிக்சல் குட்டிக் கண் ஒன்று பெரும்பாலும் எண்ணிக்கைக்காக ஒட்டியதுதான். சீனாவுக்குள் விற்பதற்கென்றே வந்த செட்டையும் மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது; அதில் பிளே ஸ்டோரே இருக்காது. 2019இல் அமெரிக்கா தடை போட்டதற்குப் பிறகு வந்த புது ஹுவாவெய் மாடல்களிலும் கூகுள் சேவை இல்லை. போன் நல்ல போன்தான், ஆனால் அக்கா மாதிரி ஆட்களுக்கு ஆப் ஏற்றித்தர வீட்டில் ஒரு பிள்ளை இருக்கணும்.)

பார்வதி: சந்தைக்குள்ளே லைன் கிடைக்காதே?

குமரன்: ப்ளெகோவுக்கு லைன் வேண்டாம். ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே ஓடும். ஆனால் கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். ஈரக் கையோடு தடவினால் அது இஷ்டத்துக்கு எதையாவது திறக்கும்.

பார்வதி: எழுத்தே தெரியாதவள் எப்படித் தேடுவது?

குமரன்: விரலால் வரையுங்கள், அதுவே கண்டுபிடிக்கும். எதிர்க் கடைப் பலகையில் ஒரு எழுத்தைப் பாருங்கள்.

பார்வதி: (கண்ணைச் சுருக்கி) அந்தக் கடைசி எழுத்து லேசாக இருக்கு. மூன்று படுக்கைக் கோடு, நடுவில் ஒரு நீட்டுக் கோடு.

(வரைகிறார். முதலில் நான்கு மூலையிலும் விரலால் குத்திக்கொள்கிறார்.)

குமரன்: அக்கா, புள்ளி வைக்காதீங்க, இது மார்கழிக் கோலமா? மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். அவ்வளவுதான்.

பார்வதி: வந்துடுச்சு! ஃ... ஃபெங்?

குமரன்: ஃபெங்தான். செழிப்பு. முன்னால் இருக்கிறது ஹ, இணக்கம். ஹ-ஃபெங். நம்ம ஊருக்குச் சீனர்கள் வைத்த பேரு.

பார்வதி: நாம் மலாயில் சுங்கை சிப்புட் என்கிறோம், நத்தை ஆறு. நமக்கு நத்தை, அவர்களுக்குச் செழிப்பா? இதையும் எங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை பார்!

குமரன்: பழைய பலகைகளில் இதே எழுத்து 18 கோட்டில் இருக்கும். சீனாவில் 1950களில் சுருக்க ஆரம்பித்தார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் சுருக்க எழுத்துதான். அகராதியில் இரண்டும் வரும், பயப்படாதீங்க.

பார்வதி: அட, நீ சீனப் பள்ளியில் படித்தவன்தானே! பேசாமல் நாளைக்கு நீயே என்னோடு சந்தைக்கு வந்துவிடேன்.

குமரன்: 4 மணிக்கா? அக்கா, போனை 50 வெள்ளி குறைத்துக்கூடத் தருகிறேன், அதைமட்டும் கேட்காதீங்க.

பார்வதி: 50 குறைக்கிறாயா? சரி, அதைக் குறித்துக்கொள். அப்புறம்?

குமரன்: (நாக்கைக் கடித்துக்கொண்டு) அப்புறம்... சுரம். மாண்டரினில், அதான் பள்ளிக்கூடத்துச் சீனத்தில், நாலு சுரம் இருக்கு. ஒரே 'மாய்'தான். குரல் கீழே இறங்கி மேலே ஏறினால் வாங்குவது. மேலிருந்து பொத்தென்று விழுந்தால் விற்பது.

பார்வதி: சரியாகத்தானே வைத்திருக்கிறான். வாங்கும்போது யோசித்து இழுக்கணும், விற்கும்போது வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மா...ஆய்! மாய்!

குமரன்: அக்கா! எங்கள் வாத்தியார் ஒரு வருஷம் தலைகீழாக நின்றும் எனக்கு இது வரவில்லை.

பார்வதி: வியாபாரம் தெரிந்தால் வரும். இப்போ தவுக்கே பேச்சைப் போட்டுப் பார்ப்போம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவர் திரும்பி 'லுக்' என்பார்.

குமரன்: (தட்டச்சு செய்து) லுக்... லுக்... மாண்டரினில் 'க்'கென்று முடிகிற சொல்லே கிடையாதே.

பார்வதி: இங்கிலீஷில் என்னைப் பாரு என்று சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். தினம் என்னைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று சேலையைக்கூட மாற்றிக் கட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா உடனே 'பாட்டு' என்று கத்தும்.

குமரன்: பாட்டா?

பார்வதி: பாட்டு, பாட். அப்படித்தான் காதில் விழும். மிளகாய் விலை கேட்டால் எதற்குப் பாட்டு? நானும் ஒருநாள் வானொலியைச் சொல்கிறார்களோ என்று...

குமரன்: (எழுந்து நின்று) அக்கா, இது மாண்டரினே இல்லை! கான்டனீஸ், அது வேறு சீனப் பேச்சு! ஈப்போ பக்கமெல்லாம் அதுதானே. லுக் என்றால் ஆறு. பாட் என்றால் எட்டு. அப்புறம் உங்களிடம் என்ன விலை சொல்வார்?

பார்வதி: (மெதுவாக) கிலோ 8 வெள்ளி.

(சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மேலே காற்றாடி மட்டும் சுற்றுகிறது.)

பார்வதி: அப்போ அந்த மனுஷன் 6 வெள்ளிக்குக் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்! ஏற்றுவது அந்தப் புண்ணியவதியா! நேற்றுக்கூடத் தீபாவளிக்கு முறுக்கு வேணும் என்று சிரித்துச் சிரித்துக் கேட்டாளே!

குமரன்: முறுக்கைக் கொடுங்கள், 'லுக்' விலைக்குக் கொடுக்காதீங்க.

பார்வதி: நாளைக்கு அவள் 'பாட்' சொல்லட்டும், நான் 'சாம்' என்று ஆரம்பிக்கிறேன். சாம் மூன்றுதானே? நாலு நம்பர் லாட்டரிக் கடை வாசலில் கேட்டிருக்கிறேன்.

குமரன்: உங்களுக்குத் தெரியும் என்பதை மட்டும் காட்டிக்கொள்ளாதீங்க. தெரிந்தால் அவர்கள் ஹோக்கியன் என்கிற இன்னொரு சீனப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள்.

பார்வதி: ஹோக்கியனுக்கும் அகராதி இருக்கா?

குமரன்: ஒரு யுத்தம் முடியட்டும்கா. ப்ளெகோவிலேயே கான்டனீஸ் அகராதி ஒன்று இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம், 2016இல் விட்டார்கள். ஆனால் சுரம் இதில் ஆறு.

பார்வதி: ஆறு என்றால் லுக். சரி, அந்த 750 வெள்ளி போனை எடு. 50 போக 700.

குமரன்: (முணுமுணுத்தபடி பில் போடுகிறான்) கவர் வேணுமா? நல்ல சிலிக்கான். 25 வெள்ளி.

பார்வதி: காட்டு. கேமராவில் பிடித்தால் படிக்கும் என்றாயே, இதன் அட்டையிலும் சீனம் இருக்கே. சோதனை பண்ணிப் பார்க்கிறேன்.

குமரன்: அதை விடுங்கக்கா, இந்த நாள்காட்டியைப் பிடியுங்கள். படம் எல்லாம் அழகாக...

பார்வதி: நாள்காட்டியில் எண்தான் இருக்கு. (புதுப் போனை நேராகப் பிடிக்கிறார். கூகுள் டிரான்ஸ்லேட் திரையில் சீன எழுத்து கலைந்து, அதே இடத்தில் தமிழ் எழுத்து வந்து உட்காருகிறது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.) இல... வச... இலவசப் பரிசு. விற்பனைக்கு அல்ல.

குமரன்: அது, மெஷின்தானே அக்கா. சற்று முன்னால் சாவிக் கீரையைப் பூட்டுக்கடைக்கு அனுப்பவில்லையா?

பார்வதி: அதுவும் சரிதான். நீ ஆறு வருஷம் படித்தவன், நீ படி.

குமரன்: எனக்கு அந்த எழுத்து மறந்துபோச்சு.

பார்வதி: பரவாயில்லை. உன் பழைய டீச்சரம்மா தினம் சாயங்காலம் என்னிடம்தான் கீரை வாங்குகிறார். அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். உன்னைக் கேட்டதாகவும் சொல்கிறேன்.

(குமரன் ஒன்றும் பேசாமல் கவரை போனில் மாட்டி, துடைத்து, இரண்டு கையாலும் நீட்டுகிறான்.)

பார்வதி: நல்ல பிள்ளை. அந்தக் கண்ணாடி ஸ்டிக்கர், சார்ஜர் ஒயர், அந்தப் பெட்டியில் இருக்கிற மற்றதையும் எடுத்து வரிசையாக இப்படி வை பார்ப்போம்.

குமரன்: எதற்குக்கா?

பார்வதி: படிக்கணும்லா, தம்பி.