என் கதையை வைத்து யாரையும் அடிக்காதீர்கள்

என்னை உதாரணம் காட்டி ஒருவர் பிள்ளைகளிடம் பேசிய அந்த மேடைப் பேச்சைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையிலிருந்து ஆளாளுக்கு வீடியோவை எனக்கே அனுப்பி, "உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையா பேசறார் பாருங்க" என்கிறீர்கள். பார்த்தேன். பெருமையாகத்தான் பேசுகிறார். "இவரும் ஒண்ணுமில்லாத வீட்டுப் பிள்ளைதான். இவரால முடிஞ்சது, உங்களால ஏன் முடியல?" என்று முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் உழைத்தேன். யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் உழைப்பால் மட்டும் வரவில்லை.

என் அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததே அவள்தான். "பீஸ் கட்டாதவங்க எழுந்திரு" என்றால் இரண்டு பேரும் அவரவர் வகுப்பில் எழுந்து நிற்போம். அவளுடைய சீருடைப் பாவாடையின் மடிப்பை வருஷா வருஷம் பிரித்து இறக்கித் தைப்பார் அம்மா. உள்ளே மடிந்திருந்த துணி மட்டும் வெளுக்காமல் ஒரு பட்டையாகத் தெரியும். அதை மறைக்கப் புத்தகப் பையைக் காலோடு சேர்த்துப் பிடித்தபடியே நடப்பாள். ஒருநாள் என் வகுப்பாசிரியர் யாரிடமும் சொல்லாமல் எனக்குப் பணம் கட்டிவிட்டார். அக்கா வகுப்பில் அப்படி ஒருவர் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அவள் வேலைக்குப் போனாள், நான் கல்லூரிக்குப் போனேன். அவள் சம்பளத்தில். இதை மேடையில் சொன்னால் கைதட்டல் விழாது.

ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பாட்டியோ ஆசிரியரோ யாரோ ஒருவர், நம்பி நிற்க ஒரு பெரியவர் இருந்தார். மீதி இரண்டு பங்கும் சோம்பேறிகளா?

"பிள்ளையோட சுபாவமும் காரணம்னு அதே ஆய்வு சொல்லுதே" என்று ஒருவர் வருவார். சொல்கிறதுதான். அந்தச் சுபாவத்தை எந்தக் குழந்தை உழைத்துச் சம்பாதித்தது?

"இப்படிப் பேசினா பசங்களுக்கு நம்பிக்கை போயிடாதா?" வீடியோவை நிறுத்தி அந்த முன்வரிசை முகங்களைப் பாருங்கள். நம்பிக்கை வந்த முகமா அது? வீட்டில் விளக்கு எரியுமா என்று தெரியாத பிள்ளையிடம் "மனசு வச்சா முடியும்" என்று சொல்லிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடலாம். சௌகரியம். யாரும் பீஸ் கட்ட வேண்டியதில்லை பாருங்கள்.

இதையும் "என்ன தன்னடக்கம்!" என்று புகழப் போகிறீர்கள். தன்னடக்கமெல்லாம் இல்லை ஐயா. என் வெற்றியில் எனக்கும் பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றவர்கள் பங்கையும் என் பெயரில் எழுதாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். பார்க்கப் போனால், மேலே வந்தவன் கதையை மட்டும் கேட்கிற உங்களுக்கு அக்காவைப் போன்றவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. அவள் எதில் தோற்றாள், சொல்லுங்கள்? விடியற்காலை எழுந்து வேலைக்கு ஓடியவளிடம் போய் "நீ முயற்சி பண்ணல" என்று முகத்துக்கு நேரே சொல்ல உங்களில் யாருக்குத் தைரியம் இருக்கிறது?

"அப்படின்னா அக்காவுக்கு நீ என்ன செஞ்சே?" அடுத்த கேள்வி அதுதான், தெரியும். அதை அவளும் நானும் பேசிக்கொள்வோம். உங்களுக்கெதற்கு அது?