மிஷனரி படங்களில் டிரைவருக்குப் பெயர் இல்லை

மிஷனரி ஞாயிறன்று சபைகளில் துப்பாக்கிப் படம் போடுவதை நிறுத்த வேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரோடு, கோபி, திருப்பூர் என்று எனக்குத் தெரிந்த பல சபைகளில் வாலிபர் கூடுகை என்றாலே இப்போது இந்த வகைப் படம்தான். சுவிசேஷம் சொல்ல வெளிநாடு போன ஒரு குழு, பாலைவன ரோட்டில் வண்டியை மறிக்கும் மதவெறிக் கும்பல், கழுத்தில் கத்தி வைத்து எடுத்த வீடியோ, கடைசி அரை மணி நேரத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் முன்னாள் ராணுவ வீரன். தமிழ் டப்பிங்கும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டுமே என்கிறார்கள். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகள் அந்தப் படத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

எங்கள் சபையில் மிஷனரி ஞாயிறன்று ஆராதனை முடிந்து, பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, வெள்ளைச் சுவரில் படத்தை ஓட்டினார்கள். நாயகன் வரிசையாகச் சுட்டுத் தள்ளும்போது விசில் பறந்தது. சுடப்பட்டவர்கள் ஒருவருக்கும் முகம் இல்லை, எல்லாரும் துணி சுற்றிய தலைகள். எனக்கு முன் பெஞ்சில் இருந்த ஆச்சி, பெண்கள் ஐக்கியத்தில் மூத்தவர், படம் முடிந்து வெளிச்சம் வந்ததும் திரும்பி என்னிடம் கேட்டார்: "ஏங் கண்ணு, மொதல்ல வண்டி ஓட்டிட்டு வந்தானே ஒரு பையன், அவன் என்னானான்? அவனுக்கு ஊட்ல ஆரும் இல்லியா? கடைசி வரைக்கும் ஒருத்தரும் அவனப் பத்திப் பேசவே இல்லியே."

அந்த டிரைவர் உள்ளூர்க்காரன். முதல் பத்து நிமிஷத்திலேயே சுட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு யாரும் அவன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. கடைசிக் காட்சியில் விமான நிலையத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், ஸ்தோத்திரப் பாட்டு போடுகிறார்கள்.

இது சினிமாக்காரர்கள் விட்ட குறை மட்டும் இல்லை. நிஜச் சம்பவங்களையும் நாம் இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். 2016 மார்ச் 4 அன்று ஏமனில் ஏடன் நகரத்தில் அன்னை தெரசா சபைச் சகோதரிகள் நடத்திய முதியோர் இல்லத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். கேரளத்துப் பாதிரியார் டாம் உழுன்னாலிலைக் கடத்திக்கொண்டு போனார்கள். அவருக்காக நாமும் ஒன்றரை வருஷம் ஜெபித்தோம். 2017 செப்டம்பரில் ஓமான் தலையிட்டு அவர் விடுதலையானபோது அழுதோம். சரிதான். ஆனால் அன்றைக்கு அந்த இல்லத்தில் செத்தவர்கள் 16 பேர். நாலு பேர் கன்னியாஸ்திரிகள், அதில் ஒருவர் நம் நாட்டுக்காரர். மீதிப் பேரில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த உதவியாளர்கள் உண்டு, அந்த ஊர்ச் சமையல்காரரும் காவலாளிகளும் உண்டு. போக்கிடமில்லாத கிழவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்களும் வாசலில் நின்றவர்களும் அவர்கள். எந்த ஜெபக்குறிப்பிலும் அவர்களை நான் பார்த்ததில்லை.

பிலிப்பைன்ஸிலும் அப்படித்தான். மார்ட்டின் பர்னம், கிரேசியா பர்னம் என்ற அமெரிக்க மிஷனரித் தம்பதியை 2001 மே மாதம் அபு சய்யாஃப் என்ற தீவிரவாதக் கும்பல் பிடித்துப் போனது. ஒரு வருஷத்துக்கு மேல் காட்டில் வைத்திருந்தார்கள். 2002 ஜூன் 7 அன்று ராணுவம் மீட்கப் போன சண்டையில் மார்ட்டின் இறந்தார், கிரேசியா காலில் குண்டடிபட்டுத் தப்பினார். அதே சண்டையில் எடிபோரா யாப் என்ற பிலிப்பைன்ஸ் நர்ஸும் செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துப் போயிருந்தார்கள். நாலு பிள்ளைகளுக்குத் தாய். பர்னம் கதையைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எடிபோரா பெயரை ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

இந்தப் படங்களில் எனக்கு இன்னொரு பெரிய வருத்தம் உண்டு. மதவெறி என்றால் அது வேற்று நாட்டில், வேற்று மதத்தில் மட்டும் விளைகிற சரக்கு என்பதுபோல எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒடிசாவுக்கு வந்து தொழுநோயாளிகளோடு வாழ்ந்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தியையும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் ஜீப்போடு வைத்துக் கொளுத்தினார்களே, அந்தக் குடும்பத்துக்கு வெளிநாடு எது? நம் நாடுதானே? ஒரு கும்பல் செய்ததற்காக நம்மையெல்லாம் முகமில்லாத வில்லன்களாக்கி ஆஸ்திரேலியாவில் ஒரு படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? மனோகர்பூர்க்காரர்கள் எல்லாருமா தீ வைத்தார்கள்?

கொங்குநாட்டில் இருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1997 நவம்பரில் கோயம்புத்தூரில் போலீஸ்காரர் செல்வராஜைக் கொன்றார்கள், அதற்குப் பின்னால் நடந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர் போனது. அதற்கப்புறம் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டைச் சுற்றி வருஷக்கணக்காகச் செக்போஸ்ட். குண்டு வைத்தவன் முகத்தையே பார்த்திராத ஜனங்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உட்பட, அதைத் தாண்டித்தான் போய்வந்தார்கள். மதவெறிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களின் பாடு என்னவென்று பக்கத்திலிருந்து பார்த்த நமக்கு, வேறு நாட்டுக் கோட்டைமேட்டை மொத்தமாக வில்லனாக்கும் படத்தைப் பார்த்துக் கை தட்ட எப்படி மனசு வருகிறது?

அடுத்தது துப்பாக்கி. கிரஹாமின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொலைகாரர்களை மன்னிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மகளோடு ஒடிசாவில் பாரிபடாவிலேயே இருந்து இன்னும் சில வருஷம் அந்தத் தொழுநோய் இல்லத்தைப் பார்த்துக்கொண்டார். அது உலகத்துக்கே சாட்சி. அதைக் கேட்டு வளர்ந்த சபையில், பத்துப் பேரைச் சுட்டவனுக்கு விசில் அடிக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். ஆக்‌ஷன் படம் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை, வீட்டில் தாராளமாகப் பார்க்கட்டும். அதை ஊழியத்தின் பாடமாக ஆலயத்துக்குள் கொண்டுவராதீர்கள் என்கிறேன்.

தைரியம் இருந்தால் எங்கேயும் போகலாம் என்பதும் சரியில்லை. 2007 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் போன 23 பேர் கொண்ட சபைக் குழுவைக் கஜினிப் பக்கம் பஸ்ஸோடு தாலிபான் பிடித்தது. இரண்டு பேரைக் கொன்றார்கள். மற்றவர்களை விடுவிக்க, ஆப்கானிஸ்தானில் இருந்த தன் படையை வருஷக் கடைசிக்குள் திரும்பப் பெறுவதாகவும் இனி மிஷனரிகளை அனுப்புவதில்லை என்றும் கொரிய அரசு ஒப்புக்கொண்டது. திரும்பி வந்தவர்கள் மேல் ஊர் ஜனங்களுக்கே கோபம். அரசு எச்சரித்தும் ஏன் போனீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நம் வாலிபர்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம் என்று கேட்கிறீர்களா? சிவகங்கை மாவட்டத்துக்காரர், இயேசு சபைப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார் இருக்கிறார். தமிழ்நாட்டில் ஈழ அகதிகளுக்காக வேலை செய்துவிட்டு ஆப்கானிஸ்தான் போனவர். அகதிகளாகப் போய்த் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போன இடத்தில், 2014 ஜூனில் ஹெராத் பக்கம் அவரைக் கடத்தினார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகுதான் விட்டார்கள். ஹெலிகாப்டர் சண்டை கிடையாது. ஆனால் ஒரு தமிழர் அங்கே எதற்குப் போனார் என்பதே பெரிய பாடம்.

இன்னும் கிட்டத்திலேயே இருக்கிறது. ஈரோட்டில் பிரப் ரோட்டைத் தெரியாதவர் கிடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி பிரப் ஐயர் பெயரில் ஆலயமும் நிற்கிறது. அவர் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்தக் காலத்து மிஷனரிகளுக்கு முன்னால் ஊர் ஊராக நடந்து போனது உபதேசியார்களும் வேதாகம ஸ்திரீகளும்தான், அதாவது வேதம் சொல்லிக்கொடுத்த உள்ளூர் ஆண்களும் பெண்களும்தான். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத ஊர்களில் திண்ணைப் பள்ளி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மிஷனரிக்கு ஆபத்து என்றால் கப்பல் ஏறித் தன் நாட்டுக்குப் போகலாம். உபதேசியாருக்கு அந்த ஊரே சொந்த ஊர், ஏச்சும் விலக்கும் அவரோடும் பிள்ளைகளோடும் கூடவே இருந்தன. அவர்களில் ஒருவர் பெயரை நம் வாலிபர்கள் சொல்வார்களா?

இதையெல்லாம் எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் நேரிலேயே பேசிவிட்டேன். அடுத்த மிஷனரி ஞாயிறுக்குப் படம் வேண்டாம், இந்தப் பக்கத்து உபதேசியார்கள் கதையைச் சொல்லலாம் என்று ஒத்துக்கொண்டார். எடிபோரா யாப்பையும் ஏடனில் இறந்த அத்தனை பேரையும் ஜெபக்குறிப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கோபி, பவானி, பெருந்துறை, தாராபுரம் பக்கம் உங்கள் தாத்தா, பாட்டி யாராவது உபதேசியாராகவோ வேதாகம ஸ்திரீயாகவோ இருந்திருந்தால், ஒரு போட்டோ, ஒரு பழைய ஞானஸ்நானச் சீட்டு, ஊர் பெயர், எது இருந்தாலும் எனக்கு அனுப்புங்கள். வாலிபர் சங்கப் பிள்ளைகள் இரண்டு பேர் அதைத் தொகுக்க உட்கார்ந்துவிட்டார்கள்.