மாத்திரை இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, அப்புறம் ஏன் பாதியில நின்னுடறாங்க?

எச்.ஐ.வி.க்கு கூட்டு மருந்து 1996 வாக்குலயே வந்துடுச்சு, இப்போ நிறைய பேருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரைதான். விடாம போட்டா ரத்தத்துல வைரஸ் டெஸ்ட்டுக்கே சிக்காத அளவுக்கு இறங்கிடும், அப்படி இறங்கினவங்ககிட்டேருந்து உடலுறவு வழியா துணைக்குத் தொத்தாது. இது ஆறுதல் பேச்சு இல்ல. ஒருத்தருக்கு இருந்து இன்னொருத்தருக்கு இல்லாத ஜோடிகளை வருஷக்கணக்கா கவனிச்ச பார்ட்னர் ஆய்வுல, மருந்தால வைரஸ் அடங்கியிருந்த துணைகிட்டேருந்து ஒருத்தருக்குக்கூட தொற்று வரல. ஆய்வு நடக்கும்போது புதுசா தொற்று வந்த சிலருக்கும் வைரஸோட மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, அது வெளியில வேற யார்கிட்டேயோ இருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சாங்க.

இவ்வளவு இருந்தும் மருந்தை நிறுத்துறவங்க இருக்காங்க. உடனே "அலட்சியம், விழிப்புணர்வு இல்ல"ன்னு சொல்லிடறாங்க. எனக்கு இதைக் கேட்டா கோவம்தான் வருது. நானும் எச்.ஐ.வி.யோட வாழுறேன், நின்னுபோனவங்க நிறைய பேர்கிட்ட பேசியிருக்கேன், மாத்திரை முக்கியம்னு தெரியாதவங்க யாரையும் நான் பார்க்கல. வீட்டுல யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாங்க, டப்பாவை எங்க ஒளிக்கிறதுன்னு தெரியாது, வேலையில மாசாமாசம் என்ன பொய் சொல்லி லீவு கேக்கறது, சிலருக்கு மனசு ஒடிஞ்சு படுக்கையை விட்டே எழ முடியாது, சிலருக்கு உடம்பு நல்லாயிடுச்சு அதனால விட்டுட்டாங்க. அப்புறம் ஒரு தேதி தவறிடும். அடுத்த தடவை போனா எல்லார் முன்னாடியும் திட்டுவாங்களேன்னு பயம், அந்தப் பயத்துல இன்னொரு மாசம் போகும், எவ்வளவு நாள் ஆகுதோ அவ்வளவுக்கு அந்த வாசல்படி உயரமாயிட்டே போகும். மருந்து நின்ன சில வாரத்துலயே செல்லுக்குள்ள பதுங்கியிருந்த வைரஸ் திரும்ப ஏறிடும், விட்டு விட்டுப் போட்டா மருந்துக்கே அடங்காத வைரஸா மாறவும் வாய்ப்பு இருக்கு.

இந்த இடத்துல "நானும் பாசிட்டிவ்தான், நானும் நடுவுல விட்டுட்டுத் திரும்ப வந்தவதான்"னு ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொன்னா, அது செய்யற வேலையை எந்த நோட்டீஸும் செய்யாது. இப்படிக் கூட நிக்கறவங்களைத்தான் சக ஆதரவாளர்னு சொல்றோம். டாக்டருக்குக் கிடைக்கிறது சில நிமிஷம், மருந்தை மாத்துறதும் டெஸ்ட் எழுதுறதும் அவங்க வேலை. கிலுகிலுன்னு சத்தம் வராம மாத்திரையை எதுல போட்டு எடுத்துட்டுப் போறது, வேளை தவறிட்டா ஞாபகம் வந்ததும் போட்டுக்கணுமே தவிர அடுத்த வேளை ரெண்டாப் போடக்கூடாதுங்கறது, துணைகிட்ட எப்படி வாயைத் திறக்கிறது, வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸோட அளவு, ஏறியிருக்குன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி எப்படித் தூங்குறது, இதெல்லாம் இதுக்குள்ள வாழ்ந்தவங்களுக்குத்தான் தெரியும்.

ஜிம்பாப்வேல ஸ்வந்திரினு ஒரு திட்டம், எச்.ஐ.வி.யோட வாழுற 18-லேருந்து 24 வயசுப் பசங்களுக்கே பயிற்சி கொடுத்து, டீன் ஏஜ் பிள்ளைங்களோட வீட்டுக்குப் போய் கூட நிக்க வெச்சாங்க. 2020-ல வெளியான ஆய்வுப்படி வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைச்ச பக்கம் 36 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கல, இல்லைன்னா இறந்துட்டாங்க, இந்தப் பசங்க கூட இருந்த பக்கம் அது 25 சதவீதம். 25-உம் அதிகம்தான், ஆனா நடுவுல இருக்கிற வித்தியாசம் உசுரு. மொசாம்பிக்ல டெட்டே மாகாணத்துல 2008-லேருந்து நோயாளிகளே சின்னச் சின்ன குழுவா சேர்ந்து, முறை வெச்சு ஒருத்தர் போய் எல்லாருக்கும் மருந்து வாங்கிட்டு வந்தாங்க. தென்னாப்பிரிக்காவுல 2001-ல ஆரம்பிச்ச மதர்ஸ் டு மதர்ஸ், பாசிட்டிவான அம்மாக்களையே வேலைக்கு எடுத்து கர்ப்பிணிங்களுக்குத் துணையா வெச்சுது.

வேலைக்கு எடுத்து, அதைத்தான் நான் அழுத்திச் சொல்றேன். நிறைய இடத்துல சக ஆதரவாளர்னா பஸ் காசு, ஒரு சர்டிஃபிகேட், மேடையில ஏத்தி கைதட்டல், அவ்வளவுதான். நின்னுபோனவங்களைத் தேடி அலையறது, நடுராத்திரி போன் எடுக்கறது, பழகின ஒருத்தர் செத்துட்டா அதையும் தாங்கிட்டு மறுநாள் போறது, இத்தனையும் செய்யறவங்களுக்கு மாசச் சம்பளம் வேணும், பயிற்சி வேணும், அவங்க மனசு விட்டுப் பேச ஒரு மேற்பார்வையாளர் வேணும். 1983-லயே அமெரிக்காவுல டென்வர்ல எய்ட்ஸோட வாழ்ந்தவங்க, எங்களைப் பத்தின எல்லா முடிவுலயும் எங்களுக்கு இடம் வேணும்னு எழுதி வெச்சாங்க, 1994-ல பாரிஸ்ல 42 நாடு அதே கொள்கைக்குக் கையெழுத்தும் போட்டுச்சு. சம்பளப் பட்டியல்ல மட்டும் இன்னும் இடம் கிடைக்கல பல பேருக்கு.

ரகசியம் காக்கறது ரொம்ப முக்கியம். தன் ஏரியா ஆள் வேணாம், போன்ல பேசினா போதும்னு ஒருத்தர் சொன்னா அப்படியே விட்டுடணும். யாரும் வேணாம்னு சொன்னாலும் சரிதான், வீட்டு வாசல்ல போய் நிக்கக் கூடாது.

மருந்தை விட்டுட்டு இதைப் படிச்சிட்டு இருக்கறவங்களுக்கு: எத்தனை மாசம் ஆகியிருந்தாலும் போங்க, தனியா போகத் தயக்கமா இருந்தா சக ஆதரவாளர் இருக்காங்களான்னு முதல்ல போன்ல கேளுங்க. எப்போ நிறுத்தினீங்கன்னு மட்டும் உண்மையைச் சொல்லுங்க, என்ன டெஸ்ட் எடுக்கணும், அதே மருந்தா வேற மருந்தான்னு டாக்டர் அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க.