ஆள் நிற்பதில்லை என்று புலம்பும் முதலாளிகளுக்கு

திருப்பூரில் எந்த வீதியில் நடந்தாலும் பனியன் கம்பெனி வாசல்களில் அந்தப் பலகையைப் பார்க்கலாம்: "டெய்லர், செக்கிங், ஹெல்பர் தேவை." சில வாசல்களில் அது வருடம் முழுக்கத் தொங்குகிறது. வெயிலில் எழுத்து வெளுத்துவிட்டால் புதிதாக எழுதி மாட்டுகிறார்கள். அதே வீதியில் நாலு வாசல் தள்ளி இருக்கும் கம்பெனியில் பலகையே இருக்காது. ஆயுத பூஜைக்குப் போனால் போன வருடம் பொரி கொடுத்த அதே முகங்கள் இந்த வருடமும் பொரி கொடுக்கின்றன.

இந்த ஊரில் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. யார் சேர்கிறார்கள், யார் கணக்கு முடித்துக்கொண்டு போகிறார்கள் என்பது என் மேசையைத் தாண்டித்தான் போகும். சம்பளம்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இங்கே உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி, சில வருடங்களுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போடுகின்றன. அதனால் பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகளுக்குள் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. தைக்கும் ஒவ்வொரு துணிக்கும் இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட்டில் பத்துப் பைசா, இருபது பைசா முன்னே பின்னே இருக்கலாம். அந்த இருபது பைசாவுக்காக ஓடிவிட்டார்கள் என்று முதலாளிகள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. போகிறவர் வாயில் வரும் காரணம் அது. போவது என்ற முடிவு அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது.

எப்போது எடுத்தார்கள்? பெரும்பாலும், கெஞ்ச நேர்ந்த அன்று.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓவர்லாக் மெஷினில் துணியின் ஓரம் தைக்கும் ஒரு பெண்ணுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. தாய்மாமன் இறந்துவிட்டார். எடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். சூப்பர்வைசர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இன்றைக்குச் சரக்கு ஏற வேண்டும். இந்தக் கட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே தைத்தார். கண்ணீரைத் துடைக்கக் கையை எடுத்தபோதெல்லாம் மெஷின் நின்றது. மெஷின் நின்றபோதெல்லாம் சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். காரியம் முடிந்து திரும்பி வந்தவர் சனிக்கிழமை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனவர் திங்கட்கிழமை வரவில்லை. அவர் ஊர்க்காரப் பெண்கள் இரண்டு பேரும் வரவில்லை.

ஒரு லைனில் இப்படி மூன்று பேர் போனால் என்ன ஆகும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தோள் மூட்டுபவர், கை வைப்பவர், ஓரம் மடிப்பவர் என்று துணி கைமாறிப் போகும் வரிசை அது. நடுவில் ஒருவர் இல்லையென்றால் அவருக்கு முன்னால் துணி குவியும். பின்னால் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருபவர் அந்த வேகத்தைப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தையல் பிசகும், பிரித்துத் தைக்க வேண்டிவரும். ஷிப்மென்ட் தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை முதலாளி தன் கைக்காசு போட்டு விமானத்தில் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வாங்குபவர் கேட்கும் தள்ளுபடிக்குத் தலையாட்ட வேண்டும். அரைநாள் விடுப்பு கொடுக்க மனம் வராததற்கு இவ்வளவு விலை.

இதற்கு நேர்மாறான இடங்களும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் தையல் கூடத்தை ஒட்டிக் குழந்தைகளுக்கென்று ஓர் அறை. சேலைத் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா, சுவரெல்லாம் கிறுக்கல். டீ நேரத்தில் தாய்மார்கள் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். பிரசவத்துக்குப் போன டெய்லர்கள் அங்கேதான் திரும்பி வருகிறார்கள். வரும்போது தங்கையையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இது முதலாளி போடும் தர்மம் அல்ல. பெண்கள் பலர் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். எத்தனை கம்பெனிகளில் அந்த அறையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆள் தானாக விரும்பி இருப்பது வேறு, பிடித்து வைப்பது வேறு. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். நடுவில் உடம்பு முடியாமல் போனவர்களுக்கு அந்தப் பணம் எட்டாக்கனி. செங்கல் சூளையில் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே கட்டிப்போடுவதும், அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பதும் இதே வகைதான். கதவைப் பூட்டிவிட்டு, என்னிடம் ஆட்கள் நீண்ட நாள் இருக்கிறார்கள் என்று பெருமை பேசுவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

வேலையில் இருப்பவரை உள்ளுக்குள் அறுப்பது இன்னொன்று: வேலையை விட்டுப் போகும்போது கிடைக்க வேண்டிய பணிக்கொடையைத் தட்டிப் பறிப்பது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த காலத்திலிருந்தே ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. ஐந்தாவது வருடம் நெருங்கும்போது ராஜினாமா எழுதி வாங்கிக் கணக்கை முடித்து, மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் மனிதருக்கு அது என்னவென்று நன்றாகவே புரிகிறது. அதற்குப் பிறகும் அவரிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுபவர்களுக்கும் இதே கேள்வி.

சொல்லவே தேவையில்லாத அளவுக்குச் சின்ன விஷயங்களுக்கும் சட்டம் வர வேண்டியிருக்கிறது. நாளெல்லாம் கால் கடுக்க நின்ற துணிக்கடைப் பெண்களுக்காக, உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனது கொதிக்கிறது.

முதலாளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்களை, எந்த லைன், எந்த சூப்பர்வைசர் என்று பிரித்து எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்த இடங்களில் எல்லா லைனிலிருந்தும் சமமாக ஆள் போகவில்லை. ஒன்றிரண்டு லைன்களிலிருந்துதான் கூட்டமாகப் போயிருந்தார்கள். அந்த சூப்பர்வைசரையும் திட்டித் தீர்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்று மட்டும்தான் அவரிடம் கேட்கிறீர்கள். உன் லைனில் எத்தனை பேர் வேலையை விடாமல் இருந்தார்கள் என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அதைக் கேளுங்கள். அவசரத்துக்கு விடுப்பு கொடுக்கும் அதிகாரத்தையும் அவர் கையிலேயே கொடுங்கள்.